கோர்ட்டில் முடிந்த வழக்கு போலீஸ் பதிவில் இன்னும் ஓடுகிறதா? சரிசெய்யும் வழி

எங்கள் தெருவில் 2014-ல் ஒரு காம்பவுண்டுச் சுவர் தகராறு. சுவர் சித்தப்பாவுடையது, சண்டை பக்கத்து வீட்டுக்காரரோடு, விலக்கிவிடப் போன நான் எஃப்.ஐ.ஆரில் மூன்றாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். 294(பி), 323, 506(1) என்று தெருச்சண்டைக்கென்றே அச்சடித்து வைத்த மாதிரி அந்த மூன்று பிரிவுகள். ஐந்து வருடம் வாய்தா வாய்தாவாக அலைந்து 2019-ல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எல்லோருக்கும் விடுதலை. வக்கீலுக்கு மீதிப் பணத்தைக் கொடுத்து, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்ததோடு விஷயத்தை மறந்துவிட்டோம்.

2023-ல் புது வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு கேட்டார்கள். 500 ரூபாய் கட்டி அப்ளை செய்தேன். வந்த அறிக்கையில் என் பெயரில் ஒரு வழக்கு நீதிமன்ற விசாரணையில் இருப்பதாகப் போட்டிருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் முடிந்துபோன வழக்கு!

விடுதலை என்று நீதிபதி சொன்னதும் அந்தச் செய்தி தானாகவே ஸ்டேஷனுக்குப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். நாம் கையில் எடுத்துப் போய்க் கொடுத்தால்தான் போகிறது, அதுவும் சரியான ஆளிடம், சரியான வாசகத்தோடு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலரை மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டுக்கான வழி. காவல்துறை மாநிலப் பட்டியலில் வருவதால் கட்டணம், இணையதளம், யாருக்கு மனு போடுவது என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புதுச்சேரிக்காரர்கள்கூட இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். நான் வக்கீலும் இல்லை.

1. எந்தச் சான்று வேண்டும்? அவசரப்பட்டு அப்ளை செய்யாதீர்கள்

உள்ளூர் வேலை, வாடகை வீடு போன்றவற்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் உள்ள போலீஸ் சரிபார்ப்புச் சேவை போதும். தனிநபர் விண்ணப்பித்தால் 500 ரூபாய், தனியார் நிறுவனம் தன் ஊழியருக்காக விண்ணப்பித்தால் 1000 ரூபாய் என்பது நான் கட்டியபோது இருந்த கணக்கு. வெளிநாட்டு வேலை, குடியேற்றம் என்றால் அது செல்லாது. பாஸ்போர்ட் சேவா தளம் வழியாக பி.சி.சி. என்கிற போலீஸ் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், அதற்கும் 500 ரூபாய்தான். தொகை ஒன்றாக இருப்பதால் நிறையப் பேர் குழம்பி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றுக்குக் கட்டிவிடுகிறார்கள். என் நண்பன் ஒருவன் உள்ளூர்ச் சான்றை எடுத்துக்கொண்டு விசா மையம்வரை போய்த் திரும்பி வந்தான்.

எதற்கு விண்ணப்பித்தாலும் போலீஸ் பக்கம் போய்ப் பார்ப்பது சி.சி.டி.என்.எஸ். என்கிற கம்ப்யூட்டர் பதிவைத்தான். அதில் ஒரு வழக்குக்கு வரிசையாகச் சில படிவங்கள் உண்டு. முதலாவது எஃப்.ஐ.ஆர்., அப்புறம் சம்பவ இட விவரம், கைது, கைப்பற்றிய பொருள், ஐந்தாவது இறுதி அறிக்கை, ஆறாவது நீதிமன்ற முடிவு, ஏழாவது மேல்முறையீட்டு முடிவு. என் வழக்கில் ஐந்தாவதுவரை நிரப்பியிருந்தார்கள், ஆறாவது காலி. காலியாக இருந்தால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் நடக்கிறது, அவ்வளவுதான் கதை.

ஆகவே பழைய வழக்கு ஒன்று இருந்து, இன்னும் சான்றுக்கு விண்ணப்பிக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். முதலில் பதிவைச் சரிசெய்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். பாதகமான அறிக்கை ஒன்று ஹெச்.ஆர். கைக்குப் போன பிறகு விளக்கம் சொல்வது தனி அவஸ்தை.

2. மூன்று எண்களைத் தேடி எடுங்கள்

குற்ற எண், அதாவது எஃப்.ஐ.ஆர். எண் (ஸ்டேஷன் பெயர், வருடத்தோடு), கோர்ட் வழக்கு எண், கோர்ட் கம்ப்யூட்டர் பதிவில் ஒவ்வொரு வழக்குக்கும் தரும் சி.என்.ஆர். எண். இந்த மூன்றும் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "நம்பர் கொண்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இல்லையென்றால் காவல்துறைத் தளத்திலேயே தேடலாம். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், தீவிரவாதம் மாதிரியான வழக்குகளுக்கு விலக்கு. பழைய எஃப்.ஐ.ஆர். தளத்தில் கிடைக்காவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்துக்குப் போங்கள். மாவட்டம், கோர்ட் வளாகத்தைத் தேர்ந்தெடுத்து எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்தே தேடலாம், பெயரை வைத்தும் தேடலாம். பெயரில் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை நாலைந்து விதமாக மாற்றிப் போடுங்கள். என் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது, அதைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போயிற்று.

வழக்கு கிடைத்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை அச்செடுங்கள். கோர்ட் எண்ணின் முன்னால் உள்ள எழுத்துகளையும் கவனியுங்கள். சி.சி. என்றால் சாதாரண மாஜிஸ்திரேட் வழக்கு, எஸ்.டி.சி. என்றால் சுருக்க விசாரணை, எஸ்.சி. என்றால் செஷன்ஸ். நடுவில் வேறு கோர்ட்டுக்கு மாற்றியிருந்தால் எண்ணும் மாறியிருக்கும். ஸ்டேஷன் பதிவேட்டில் பழைய எண், தீர்ப்பில் புது எண் என்று இருந்தால் இரண்டையும் மனுவில் எழுத வேண்டும். நான் புதியதை மட்டும் எழுதினேன். "இந்த நம்பர்ல நம்ம ஸ்டேஷன் கேஸே இல்லையே" என்றார் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர்.

3. வழக்கு உண்மையில் எப்படி முடிந்தது?

"அது எப்பவோ முடிஞ்சு போச்சு" என்று நாம் சொல்வதற்குள் ஐந்தாறு வகை இருக்கிறது. உங்களுடையது எது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

விடுதலை என்றால் தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 248(1) அல்லது 255(1) பிரிவின்படி விடுதலை என்று இருக்கும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டதால் அதன்படி நடந்த வழக்கில் 271(1), 278(1) என்று பார்ப்பீர்கள். அதற்கு மேலே "சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் வேலைக்கு அதனால் பெரிய வித்தியாசமில்லை. போலீஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தலைபோகிற விஷயம்: சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானாலும், குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருத வேண்டும் என்று தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் விளக்கம் இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையோடு நிற்காமல் பணி வழக்குகள் நடத்தும் வக்கீலைப் பாருங்கள்.

அபராதம் கட்டி முடித்த வழக்குதான் எல்லாவற்றையும்விட மோசமான பொறி. "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிடுங்க சார், இன்னைக்கே முடிஞ்சிடும்" என்று கோர்ட் வாசலில் சொல்லாத ஆள் கிடையாது. அன்றைக்கே முடியும் என்பது உண்மைதான், ஆனால் முடிவது தண்டனையில். குற்றத்தை ஒப்புக்கொண்டு நூறு ரூபாய் அபராதம் கட்டினாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் தண்டிக்கப்பட்டவர். ஒப்புக்கொண்ட வழக்கில் மேல்முறையீட்டுக்கும் இடம் மிகக் குறைவு. எங்கள் வழக்கிலும் இரண்டாவது எதிரி இதற்குத் தயாராகத்தான் இருந்தார், சித்தப்பா வீம்பு பிடித்ததால் தப்பித்தோம். மனிதரின் வீம்பு பயன்பட்ட ஒரே இடம் அது. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்து, ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை என்றால், 1958-ஆம் வருடத்து நன்னடத்தைச் சட்டத்தின்படி எச்சரித்தோ கண்காணிப்பிலோ விடும்படி கேட்க முடியுமா என்று வக்கீலிடம் பேசுங்கள். அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது.

போலீஸே முடித்த வழக்கில் "எம்.எஃப்." என்று எழுதியிருப்பார்கள், அதாவது 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', பொருண்மைப் பிழை. "மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது" என்றும் இருக்கலாம். வழக்கை முடித்துவிட்டோம் என்று சொல்லும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் புகார் கொடுத்தவருக்குத்தான் போகும், நமக்கு வராது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: ஸ்டேஷனில் எழுதி முடித்தால் மட்டும் போதாது, அந்த இறுதி அறிக்கை மாஜிஸ்திரேட்டிடம் போய் அவர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அனுப்பியதாகச் சொல்லும் அறிக்கை வருடக்கணக்காக எண் இடப்படாமல் கட்டுக்குள் கிடப்பது உண்டு. கோர்ட்டில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டு வருடங்கள் ஆகியும் குற்றப்பத்திரிகையே தாக்கலாகவில்லை என்றால் காலவரம்பைப் பாருங்கள். அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்துக்கு 6 மாதம், ஒரு வருடம்வரை சிறை என்றால் 1 வருடம், மூன்று வருடம்வரை சிறை என்றால் 3 வருடம். பல பிரிவுகள் இருந்தால் கடுமையானதுதான் கணக்கு. வரம்பு தாண்டியிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 482-ஆம் பிரிவு, இப்போதைய பி.என்.எஸ்.எஸ்.ஸில் 528. தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. இதற்கு வக்கீல் இல்லாமல் முடியாது. கட்டணத்துக்குப் பயந்தால் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

ஒரு வாய்தாவுக்குக்கூடப் போகாமல் வெளியூர் போய்விட்டவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். உங்கள் பங்கு வழக்கைப் பிரித்துத் தனி எண் போட்டிருப்பார்கள், மற்றவர்களுக்குக் கிடைத்த விடுதலை உங்களுக்கு வராது, பிடிவாரண்டும் நிலுவையில் இருக்கலாம். அதோடு சரிபார்ப்புக்கு விண்ணப்பிப்பது, வீட்டு விலாசத்தைப் போலீசுக்கு எழுதிக் கொடுப்பது மாதிரிதான். முதலில் வக்கீலோடு போய் வாரண்டைத் திரும்பப் பெறும் மனு.

சம்பவத்தின்போது 18 வயது ஆகவில்லை என்றால் நிலைமையே வேறு. 2015 சிறார் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி அந்தத் தண்டனையால் தகுதியிழப்பு கிடையாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவையே அழிக்க வேண்டும். பதினாறு வயதுக்கு மேல், கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

4. தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்குங்கள்

இ-கோர்ட்ஸில் இறக்கிய பி.டி.எஃப். செல்லாது. முத்திரையும் கையெழுத்தும் உள்ள சான்றிட்ட நகல்தான் வேண்டும். வழக்கு நடந்த கோர்ட்டில் நகல் மனு போட வேண்டும். உங்கள் பழைய வக்கீலின் குமாஸ்தாவே போட்டுவிடுவார், நாமே போடவும் முடியும். நகலுக்கான செலவு பக்கக் கணக்கில் கொஞ்சம்தான். குமாஸ்தாவுக்குக் கொடுப்பதுதான் பெரிய தொகை.

பொறி எங்கே என்றால், எத்தனை ஸ்டாம்ப் வேண்டும் என்று கோர்ட் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள், அதைப் பார்த்துக் குறித்த நாளுக்குள் கட்ட வேண்டும். நமக்கு யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். நான் பலகை பக்கமே போகவில்லை, மனு தள்ளுபடியாகி மறுபடி முதலிலிருந்து போட்டேன். பழைய வழக்காதலால் வழக்குக் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருந்தது, அதை எடுத்து வரவும் நாள் பிடித்தது. இரண்டாவது மனுவிலிருந்து நகல் கைக்கு வர மூன்று வாரம்.

குறைந்தது இரண்டு சான்றிட்ட நகல் கேளுங்கள். ஒன்றை அவசரத்துக்கென்று வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிடுங்கள். "ஒரிஜினலைக் கொடுத்துட்டுப் போங்க, பார்த்துட்டுத் தரோம்" என்று எந்த மேஜையில் சொன்னாலும் ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலைக் காட்டி மட்டும் வாருங்கள்.

5. ஸ்டேஷனுக்கும் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் (டி.சி.ஆர்.பி.) மனு: "அழியுங்கள்" என்று எழுதாதீர்கள்

என் முதல் மனுவில் "என் பெயரைக் குற்றப் பதிவிலிருந்து நீக்க வேண்டுகிறேன்" என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்து, அப்படி நீக்க வழியில்லை என்று வாய்மொழியாகப் பதில். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. விடுதலையானவரின் எஃப்.ஐ.ஆர். பதிவைத் துடைத்துவிடும் பொதுச் சட்டம் பெரியவர்களுக்கு இங்கே கிடையாது. நமக்கு வேண்டியதும் அதுவல்ல. வழக்கின் முடிவைப் பதிவில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், அதை மறுக்க அவர்களுக்குக் காரணமே இல்லை. இரண்டாவது மனுவை இப்படி எழுதினேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"மேற்படி குற்ற எண் வழக்கில் நீதித்துறை நடுவர் நீதிமன்றம் தனது தீர்ப்பில் என்னை விடுதலை செய்துள்ளது. தீர்ப்பின் சான்றிட்ட நகலின் பிரதியை இணைத்துள்ளேன். இம்முடிவை நிலையப் பதிவேடுகளிலும் சி.சி.டி.என்.எஸ். நீதிமன்ற முடிவுப் படிவத்திலும் பதிவு செய்து, அவ்வாறு செய்த தேதியை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கூடவே குற்ற எண், கோர்ட் எண் (பழையது, புதியது), சி.என்.ஆர்., தீர்ப்புத் தேதி, எத்தனையாவது எதிரி என்பதை ஒரு சின்னக் கட்டமாகப் போட்டுவிடுங்கள். இணைப்பாகத் தீர்ப்பு நகல், இ-கோர்ட்ஸ் அச்சு, ஆதார் நகல், பாதகமான அறிக்கை ஏற்கனவே வந்திருந்தால் அதன் நகல்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பெயருக்கு மனு, ஆனால் பேச வேண்டிய ஆட்கள் இரண்டு பேர்: ரைட்டர், கோர்ட்டுக்குப் போய்வரும் கோர்ட் டியூட்டி போலீஸ்காரர். கோர்ட்டிலிருந்து முடிவைக் கொண்டு வருவது அவர் வேலைதான், ஆள் மாறும்போதெல்லாம் பாதி விட்டுப்போகும். நான் போன ஸ்டேஷனில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் ஒரே ஒருவர். திருவிழா என்றால் அவரையும் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வருடா வருடம் சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது புதுக் கட்டடம், வண்டி, கேமரா என்று அறிவிப்புகளைப் படித்தால் இப்போதெல்லாம் அந்த ஒற்றை ஆள்தான் நினைவுக்கு வருகிறார். காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், கோர்ட்டுக்கு ஆள் அனுப்பும் நேரம். சாயங்காலம் நாலு மணிக்குப் போய்தான் எனக்கு வேலை நடந்தது.

அதே மனுவின் நகலை மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் கொடுங்கள். டி.சி.ஆர்.பி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். பதிவுகள் சரியாக ஏறுகின்றனவா என்று மாவட்ட அளவில் பார்ப்பது அவர்கள்தான், ஸ்டேஷனுக்கு அங்கிருந்து ஒரு போன் வந்தால் போதும். என் விஷயம் நகர்ந்ததே அங்கே கொடுத்த பிறகுதான்.

இரண்டு இடத்திலும் நேரில் கொடுத்து நகலில் முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். தர மறுத்தால் வெளியே வந்து அதையே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதிவைத் திருத்தக் கட்டணம் எதுவும் கிடையாது. "ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்று இழுத்தால் சிரித்துவிட்டுப் பதிவுத் தபாலுக்கே போங்கள்.

6. முப்பது நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால்

தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய், 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எஸ்.பி. அலுவலகம் அல்லது கமிஷனர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள்.

கேள்வியில் "ஏன்" என்ற சொல்லே வரக்கூடாது. ஏன் பதிவேற்றவில்லை என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "இந்தக் குற்ற எண் வழக்கில் நீதிமன்ற முடிவு பதிவு செய்யப்பட்ட தேதி", "அந்தப் பதிவின் நகல்", "என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல்" என்று ஆவணமாக மட்டும் கேளுங்கள். பதிவாகாத தேதியை யாராலும் எழுதித் தர முடியாது, ஆகவே பதில் தயாரிக்க உட்காரும்போதே பதிவையும் ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது: இருபத்தாறாவது நாள் வந்த பதிலில் முந்தின வாரத்துத் தேதி இருந்தது.

முதல்வரின் முகவரி, 1100 உதவி எண் வழியாகவும் புகார் போடலாம், அது சுற்றி அதே ஸ்டேஷனுக்குத்தான் வரும் என்றாலும் ஒரு கோப்பு எண் கிடைக்கும். எதுவும் பலிக்காவிட்டால், மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அப்போது முதலில் கேட்கப்படுவது, மனு கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்பதுதான். அந்த ஒப்புகை அட்டையைத் தொலைக்காதீர்கள்.

7. மறுபடி விண்ணப்பம், படிவத்தில் என்ன எழுதுவது

பதிவு ஏறியது உறுதியான பிறகு புதிதாக 500 ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள், பழைய விண்ணப்பத்தைத் திருத்த முடியாது. இரண்டாவது அறிக்கை எனக்குப் பன்னிரண்டு நாளில் வந்தது. வழக்கு விவரம் அதிலும் இருந்தது, பக்கத்தில் விடுதலை என்று இருந்தது. அது போதும், ஹெச்.ஆர். வாங்கிக்கொண்டார்கள்.

நிறுவனமோ அரசுத் துறையோ தரும் உறுதிமொழிப் படிவத்தில் கேள்வியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். "வழக்கு நிலுவையில் உள்ளதா?" என்றால் என் பதில் இல்லை. "எப்போதாவது வழக்குப் பதிவாகியுள்ளதா?" என்றால் ஆம், விடுதலையானேன் என்று எழுத வேண்டும். விடுதலையாகிவிட்டோமே என்று இரண்டாவதற்கும் "இல்லை" போட்டு வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மறைத்தது தெரியவந்தால் வேலையைவிட்டு நீக்க இடமுண்டு, சின்ன வழக்கு என்றால் அதிகாரி மன்னிக்கவும் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் அவதார் சிங் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. "செய்யலாம்" என்பதை நம்பி யாரும் பொய் எழுத வேண்டாம்.

8. பாஸ்போர்ட் என்றால்

பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) பிரிவின்படி தடை என்பது குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்குக்குத்தான். எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்து கோர்ட் அதைக் கோப்பில் எடுக்காதவரை அது நிலுவை வழக்கு ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் பல தடவை சொல்லிவிட்டன. ஆனாலும் ஸ்டேஷனிலிருந்து பாதகமான அறிக்கை போகும், பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பயப்படாமல் தீர்ப்பு நகலோடு பதில் கொடுங்கள், மறு சரிபார்ப்புக்கு அனுப்புவார்கள்.

வழக்கு உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தால் அந்தக் கோர்ட்டிலேயே அனுமதி மனு போட வேண்டும். 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட அறிவிக்கையின்படி கோர்ட் எத்தனை வருடம் என்று குறிப்பிடுகிறதோ அத்தனை வருடத்துக்குக் கிடைக்கும், குறிப்பிடாமல் விட்டால் ஒரு வருடம்தான். ஆகவே வருடத்தை உத்தரவில் எழுதும்படி மனுவிலேயே கேட்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் இரண்டு வருடம்வரை சிறை அல்லது 5000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

9. கைரேகை எடுத்திருந்தார்களா?

கைதாகி ரேகை, போட்டோ எடுத்திருந்தால் மட்டும் இந்தப் படி. 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தின்படி இந்த அளவீடுகளை 75 வருடம் வைத்திருப்பார்கள். ஆனால் முன்பு தண்டனை பெறாதவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, விடுதலையானாலோ, மேல்முறையீட்டு வழிகள் எல்லாம் முடிந்தபின் அவற்றை அழிக்க வேண்டும், கோர்ட் வேறுவிதமாக உத்தரவிட்டிருந்தால் ஒழிய. "அழியுங்கள்" என்று எழுதத் தகுந்த இடம் இது ஒன்றுதான். இதைத் தனி மனுவாகப் போடுங்கள், மேலே சொன்ன மனுவோடு கலக்காதீர்கள்.

10. கூட இருந்த எதிரிகளையும் சேர்த்துவிடுங்கள்

இதை நான் செய்யவில்லை. என் மனுவில் என் பெயர் மட்டும் இருந்தது, அவர்களும் என் பெயருக்கு நேராக மட்டும் முடிவை ஏற்றினார்கள். போன மாதம் சித்தப்பா பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனார். முதலாம் எதிரி, வழக்கு விசாரணையில் உள்ளது என்று போயிருக்கிறது அறிக்கை. ஒரே தீர்ப்பு, ஒரே குற்ற எண், மூன்று பெயர். ஒரே மனுவில் மூன்று கையெழுத்து வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். வீட்டில் வைத்திருந்த அந்த இரண்டாவது சான்றிட்ட நகலை எடுத்துக்கொண்டு நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி ஸ்டேஷனுக்குப் போகிறோம்.